'வாட்டர்' பெயரா, வினையா? மாலை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராயபுரத்தில் ஒரு வீட்டு மொட்டைமாடியில், தகரக் கூரையின் கீழ், மாலை நேரத்தில் ஆங்கில வகுப்பு நடத்தி வருகிறேன். துறைமுகத்தில் சரக்குத் தாள்களோடு அலைபவர்களும், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பயிற்சி பெறுபவர்களும், காசிமேட்டில் அம்மாவுக்கு மீன் கூடை தூக்கிவிட்டு வரும் கல்லூரிப் பிள்ளைகளும் ஒரே பாயில் அமர்ந்து படிக்கிறார்கள். பாடம் எதுவானாலும் பேச்சு சுற்றிச் சுற்றி ஓர் இடத்துக்கே வந்து நிற்கிறது: ஒரே ஆங்கிலச் சொல் ஓர் இடத்தில் பெயராகவும் இன்னோர் இடத்தில் வினையாகவும் வருவது எப்படி? கேட்டவர்களின் வாய்மொழியை இயன்றவரை அப்படியே கேள்வியாக வைத்திருக்கிறேன்.

சார், 'வாட்டர்' என்றால் தண்ணீர்தானே? 'ஐ வாட்டர் தி பிளான்ட்ஸ்' என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. அச்சுப் பிழையா?

பிழையன்று. 'வாட்டர்' என்பது தண்ணீரையும் குறிக்கும், செடிக்குத் தண்ணீர் ஊற்றும் செயலையும் குறிக்கும். இந்த வாக்கியத்தில் 'ஐ' என்னும் எழுவாய்க்கும் 'தி பிளான்ட்ஸ்' என்னும் செயப்படுபொருளுக்கும் நடுவில் அமர்ந்திருப்பதால் அது வினை. 'தி வாட்டர் இஸ் கோல்டு' என்னும்போது அதே சொல் எழுவாயின் இடத்தில் அமர்ந்து பெயராகிவிடுகிறது.

வியாசர்பாடித் திடலில் ஒரே பையன் முதல் பாதியில் கோல் காப்பான், இரண்டாம் பாதியில் முன்வரிசையில் ஆடுவான். அவன் எந்த ஆட்டக்காரன் என்பதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நிற்கும் இடத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆங்கிலச் சொற்களில் பெரும்பகுதி இந்தப் பையனைப் போன்றவை. ஆகவே 'வாட்டர் பெயரா, வினையா' என்று தனிச் சொல்லைக் காட்டிக் கேட்பதற்கு விடை கிடையாது; வாக்கியத்தைக் காட்டிக் கேட்டால் விடை உண்டு.

அப்படியானால் வாக்கியத்தில் எது பெயர், எது வினை என்று சட்டென்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

சொல்லுக்கு முன்னால் நிற்பதைப் பாருங்கள். 'எ', 'தி', 'மை', 'யுவர்', 'திஸ்' போன்றவை நின்றால் பின்னால் வருவது பெயர். 'வில்', 'கேன்', 'மஸ்ட்', 'டோன்ட்' போன்றவை நின்றால் பின்னால் வருவது வினை. 'மை ஆன்சர்' என்றால் என் விடை. 'ஐ வில் ஆன்சர்' என்றால் விடை சொல்வேன். இடையில் 'எ லாங் வாக்' என்பதுபோல ஓர் அடைமொழி புகுந்தாலும் கணக்கு மாறாது.

'டு' மட்டும் இரண்டு பக்கமும் ஆடும். 'ஐ கோ டு ஒர்க்' என்பதில் ஒர்க் பெயர்; 'ஐ வான்ட் டு ஒர்க்' என்பதில் வினை. இங்கே தமிழைத் துணைக்கு அழையுங்கள். முதல் வாக்கியம் 'வேலைக்குப் போகிறேன்' என்று 'கு' உருபோடு வருகிறது. இரண்டாவது 'வேலை செய்ய விரும்புகிறேன்' என்று 'செய்ய' என்னும் எச்சத்தோடு வருகிறது. 'கு' வந்தால் பெயர், 'செய்ய' வந்தால் வினை. இந்தச் சோதனை என் மாணவர்களை அனேகமாகக் கைவிட்டதில்லை.

'எஸ்' சேர்த்தால் பன்மை என்று பள்ளியில் சொன்னார்களே. 'ஹி வாக்ஸ்' என்பதில் நடப்பது ஒருவர்தானே?

பெயரின் பின்னால் வரும் 'எஸ்' பன்மையைக் காட்டும்; வினையின் பின்னால் வரும் 'எஸ்' எழுவாய் படர்க்கை ஒருமை என்பதைக் காட்டும். 'தி பாய் வாக்ஸ்', 'தி பாய்ஸ் வாக்' என்று இரண்டையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 'எஸ்' பெரும்பாலும் இரண்டில் ஒன்றிடம்தான் இருக்கும்.

தமிழில் இந்தக் குழப்பமே இல்லையே சார்? இங்கிலீஷ்காரர்களுக்கு வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா?

தமிழில் இல்லை என்று யார் சொன்னது? 'பந்தை அடி' என்பதில் 'அடி' வினை. 'முதுகில் ஓர் அடி விழுந்தது' என்பதில் அதே 'அடி' பெயர். வெட்டு, தட்டு, உதை ஆகியவையும் அப்படியே. வினையடி எந்த மாற்றமும் இல்லாமல் பெயராக நிற்பதை முதனிலைத் தொழிற்பெயர் என்று நம் இலக்கணம் வகுத்து வைத்திருக்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து, தேர்வுத் தாளில் எழுதி, மறந்துபோன அதே பெயர்தான். 'பூ', 'காய்', 'மலர்', 'தளிர்' ஆகியவை பொருளின் பெயர்களாகவும், பூத்தது, காய்த்தது, மலர்ந்தது, தளிர்த்தது என்று வினைகளாகவும் வருவதைச் சேர்த்துப் பார்த்தால், நாமும் இந்த வித்தையை நெடுங்காலமாகச் செய்து வருகிறோம் என்பது விளங்கும்.

வேறுபாடு அளவிலும் அடையாளத்திலும் இருக்கிறது. தமிழில் பெரும்பாலான வினைகள் பெயராகும்போது உடையை மாற்றிக்கொள்கின்றன. எழுது என்பது எழுத்து ஆகிறது, ஓடு என்பது ஓட்டம் ஆகிறது, கெடு என்பது முதலெழுத்து நீண்டு கேடு ஆகிறது, வாழ் என்பது விகுதி பெற்று வாழ்க்கை ஆகிறது. அதற்கும் மேல், வாக்கியத்துக்குள் வந்துவிட்டால் பெயர் வேற்றுமை உருபையும் வினை கால இடைநிலையையும் விகுதியையும் ஏற்றுக்கொள்ளும். 'அடியை' என்றால் பெயர், 'அடித்தான்' என்றால் வினை, ஐயத்துக்கே இடமில்லை. அதனால்தான் 'அடித்தான் பந்தை', 'பந்தை அடித்தான்' என்று சொற்களை இடம் மாற்றினாலும் நமக்குப் பொருள் கெடுவதில்லை. ஆங்கிலத்தில் உடை அனேகமாக ஒன்றே என்பதால் இடத்தை மாற்றினால் எல்லாம் மாறிவிடும்.

அவர்கள் மொழி முதலிலிருந்தே இப்படித்தானா?

இல்லை. பழைய ஆங்கிலத்தில் பெயருக்கும் வினைக்கும் வெவ்வேறு ஈறுகள் இருந்தன. இன்று இரண்டுக்கும் பொதுவாக நிற்கும் 'லவ்', அன்று பெயராக 'லுவு' என்றும் வினையாக 'லுவியன்' என்றும் ஒலித்தது. 'ஆன்சர்' பெயராக 'ஆன்ட்ஸ்வாரு', வினையாக 'ஆன்ட்ஸ்வாரியன்'. அழுத்தமில்லாத கடைசி அசைகள் பேச்சில் தேயத் தொடங்கின. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் வந்த நூற்றாண்டுகளில் அந்தத் தேய்மானம் விரைவுபட்டு, 1500 வாக்கில் ஈறுகளில் பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. வால் போனதும் பெயரும் வினையும் ஒரே உருவமாயின. வந்த வாய்ப்பை அந்த மொழி விடவில்லை: இருக்கும் சொல்லை அப்படியே எடுத்து மறுவகையில் பயன்படுத்தும் வழக்கம் அதன் பின் பெருகிக்கொண்டே போனது.

நாங்கள் 'பண்ணு' சேர்த்தே பழகிவிட்டோம். 'ஐ வில் டூ கால் டு யூ' என்றால் புரியாதா?

புரியும்; ஆனால் தமிழ் அந்த வாக்கியத்தின் அடியில் தெரியும். போன் பண்ணு, புக் பண்ணு, பார்சல் பண்ணு, அட்மிட் பண்ணு என்று, வெளியிலிருந்து வரும் எந்தச் சொல்லையும் தமிழ் முதலில் பெயரைப் போல உட்கார வைத்துவிட்டு, 'பண்ணு' என்னும் நம் வினையைப் பக்கத்தில் நிறுத்துகிறது. காலமும் விகுதியும் 'பண்ணு'வின் மேல் ஏறிக்கொள்ளும்: போன் பண்ணினேன், போன் பண்ணுவாள். தமிழுக்கு இது மிக நல்ல ஏற்பாடு. இதைக் கொச்சை என்று ஏளனம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆங்கிலம் பேசும்போது அந்தப் 'பண்ணு'வைக் கழற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். 'கால்' தானே வினையாகும் ஆற்றல் உடையது. 'ஐ வில் கால் யூ', 'ஐ புக்டு எ டிக்கெட்', 'ஷி சைன்டு தி ஃபார்ம்' என்று சொல்லிப் பழகுங்கள். 'போடு', 'கொடு' ஆகியவற்றுக்கும் இதே கதிதான்: சைன் போட்டேன் என்பது 'ஐ சைன்டு' ஆகும், 'ஐ புட் சைன்' ஆகாது. 'கம்ப்ளெய்ன்ட் கொடுத்தேன்' என்பதில் மட்டும் சற்று நின்று பாருங்கள்; அங்கே ஆங்கிலமே பெயரை 'கம்ப்ளெய்ன்ட்' என்றும் வினையை 'கம்ப்ளெய்ன்' என்றும் பிரித்து வைத்திருக்கிறது.

ஆனால் அவர்களே 'டேக் எ வாக்', 'ஹேவ் எ லுக்' என்கிறார்களே. அது மட்டும் என்ன, 'பண்ணு' மாதிரிதானே?

இதைக் கேட்டவர் ஒரு செவிலியர் மாணவி. வகுப்பில் எழுந்த நல்ல கேள்விகளில் ஒன்று. ஆம், அது அவர்களுடைய 'பண்ணு'. வினையாக நிற்கக்கூடிய 'வாக்', 'லுக்' ஆகியவற்றைப் பெயராக்கி, பொருள் கனமில்லாத ஒரு வினையை முன்னால் நிறுத்துகிறார்கள். பொருளிலும் ஒரு நுட்பம் உண்டு. 'ஐ வாக்' என்றால் நடப்பது பொதுவான செயல். 'டேக் எ வாக்' என்றால் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு நடை. கடற்கரைச் சாலையில் காலாற ஒரு சுற்றுப் போய் வருவது இரண்டாவது வகை.

நாம் 'வாக்கிங் போகிறேன்' என்பதை அப்படியே 'ஐ ஆம் கோயிங் ஃபார் வாக்கிங்' என்று மாற்றுகிறோம். 'கோ ஃபார் எ வாக்' என்பதே இயல்பு. எந்தப் பெயரோடு எந்த வினை சேரும் என்பதற்கு விதி இல்லை. 'டேக் எ ஃபோட்டோ', 'மேக் எ கால்', 'கிவ் எ ஷவுட்' என்று சோடி சோடியாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மேலாளர் 'லெட் அஸ் ஹேவ் எ டிரிங்க்' என்றால் பெரும்பாலும் தண்ணீரைச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பா கல்யாணச் சமையல்காரர். 'மை ஃபாதர் இஸ் எ குட் குக்கர்' சரிதானே?

'குக்கர்' விசில் அடிக்கும் பாத்திரம். அப்பா 'குக்'. சமைக்கும் செயலும் 'குக்', சமைப்பவரும் 'குக்'. கார்டு, கைடு, ஜட்ஜ், நர்ஸ், பைலட் ஆகியவையும் ஆளையும் அவர் செயலையும் ஒரே உருவில் குறிப்பவை. 'டீச்சர்', 'டிரைவர்' என்று 'அர்' ஒலி சேர்பவையும் இருக்கின்றன. எது எந்தப் பட்டியலைச் சேர்ந்தது என்பதை அகராதியில்தான் பார்க்க வேண்டும்.

பெரம்பூரில் நாங்கள் செய்வது கோச். விளையாட்டு சொல்லித் தருபவரும் கோச். ரயில் 'டிரெயின்', பயிற்சி 'டிரெயினிங்'. ரயிலுக்கும் படிப்புக்கும் என்ன சார் சம்பந்தம்?

1955இல் தொடங்கிய இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் பயிற்சி பெறுபவர் கேட்டது. அவர் ஒரே நாளில் இந்த நான்கையும் கேட்டுக்கொண்டிருப்பவர். இரண்டு சொற்களும் வண்டியிலிருந்து வகுப்புக்குப் போனவை என்று தோன்றும். ஒன்று மட்டுமே அப்படிப் போனது. 'கோச்' என்பது ஹங்கேரியில் உள்ள கோச் என்னும் ஊரின் பெயர். அங்கே செய்யப்பட்ட குதிரை வண்டி ஊரின் பெயரைத் தாங்கி ஐரோப்பா முழுதும் பரவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தங்களைத் தேர்வில் கரைசேர்க்கும் தனி ஆசிரியரை, சுமந்து கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டி என்னும் கேலியில், 'கோச்' என்றார்கள். பின்னர் அது விளையாட்டுத் திடலுக்குப் போனது. 'ஷி கோச்சஸ் தி டீம்' என்று வினையாகவும் நிற்கிறது.

'டிரெயின்' வேறு வழியில் வந்தது. அதன் பிரெஞ்சு மூலத்துக்கு இழுத்தல் என்று பொருள். தரையில் இழுபடும் நீண்ட அங்கியின் பின்பகுதியும் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் வரிசையும் 'டிரெயின்' ஆயின. கொடியை இழுத்துப் பந்தலில் படரவிடுவதும் அதே சொல்லால் குறிக்கப்பட்டது. கொடியை வழிப்படுத்துவதிலிருந்து ஆளை வழிப்படுத்துவது பிறந்தது. இவை எல்லாம் முடிந்து வெகுகாலம் கழித்துத்தான், 1820களில், இழுத்துச் செல்லப்படும் பெட்டி வரிசைக்கு அந்தப் பெயர் வந்தது. எங்கள் இராயபுரம் நிலையத்திலிருந்து 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஆற்காட்டுப் பக்கத்து வாலாஜா ரோடு நிலையத்துக்குப் புறப்பட்டபோது, பயிற்சியைக் குறிக்கும் 'டிரெயின்' ஏறத்தாழ 300 வயதைத் தாண்டியிருந்தது.

'சால்ட் தி ஃபிஷ்' என்றால் மீனுக்கு உப்பு போடு. அப்போது 'ஸ்கேல் தி ஃபிஷ்' என்றால் செதிலைப் போடுவதா?

கேள்வி கேட்ட காசிமேட்டுப் பிள்ளை சிரிக்காமல்தான் கேட்டார், கேள்வியும் சிரிப்பதற்குரியதன்று. ஒரு பொருளின் பெயர் வினையாகும்போது, அந்தப் பொருளைச் சேர்ப்பதைக் குறிக்குமா, நீக்குவதைக் குறிக்குமா என்பதை அந்தச் சொல் தன் உருவத்தில் சொல்வதில்லை. 'சால்ட்', 'ஐஸ்', 'பட்டர்' ஆகியவை சேர்ப்பவை. 'ஸ்கேல்' என்றால் செதிலைச் சுரண்டு, 'கட்' என்று நாம் எழுதும் இரண்டு சொற்களில் குடலைக் குறிப்பது வினையானால் குடலை நீக்கு, எலும்பைக் குறிக்கும் 'போன்' வினையானால் முள்ளை எடு, 'ஸ்கின்' என்றால் தோலை உரி. உலகத்தை அறிந்தவருக்கே இது விளங்கும்: மீனோடு பிறந்த செதிலை யாரும் புதிதாகச் சேர்ப்பதில்லை, மீனில் இல்லாத உப்பை யாரும் நீக்கப்போவதில்லை. மீன் வெட்டத் தெரிந்த அம்மாவுக்கு இந்தப் பாடத்தின் பாதி முன்பே தெரியும்.

ஒரே சொல் இரண்டையும் குறிப்பதும் உண்டு. 'டஸ்ட் தி போர்டு' என்று கரும்பலகையைக் காட்டிச் சொன்னால் தூசியைத் துடை. கேரம் பலகையைக் காட்டி 'டஸ்ட் தி போர்டு வித் பவுடர்' என்றால் மாவைத் தூவு. தெருமுனைக் கேரம் கிளப்பில் இதைச் செயல்முறைப் பாடமாகவே பார்க்கலாம்.

கருவியின் பெயர் வினையானால் அதைக்கொண்டு செய்யும் செயலையும் (பிரஷ், காம்ப், போன்), கொள்கலத்தின் பெயர் வினையானால் அதற்குள் இடுவதையும் (பாக்ஸ், பாட்டில், பாக்கெட்) குறிப்பது பெருவழக்கு. கேரம் காயைக் குழியில் தள்ளுவதை 'பாக்கெட்' என்பது இந்த வகை.

தண்ணீர் கேனும் 'கேன்', 'முடியும்' என்பதும் 'கேன்'. இதுவும் அதே கதையா?

இல்லை. முன் பதிலில் சொன்ன கொள்கலக் கணக்கின்படி, தகர டப்பாவைக் குறிக்கும் 'கேன்' வினையாகி, டப்பாவில் அடைப்பதைக் குறிக்கும். 'கேன்டு ஃபிஷ்' என்பது அதிலிருந்து வந்தது. 'முடியும்' என்னும் 'கேன்' இதற்கு உறவே இல்லாத வேறு சொல். தமிழில் நதியான 'ஆறு'ம் எண்ணான 'ஆறு'ம் ஒலியில் ஒன்றாகி நிற்பதைப் போன்றது. கரடியாகிய 'பேர்', தாங்குதலாகிய 'பேர்' ஆகிய இரண்டும், கடல்நாயாகிய 'சீல்', முத்திரையாகிய 'சீல்' ஆகிய இரண்டும் இப்படித் தற்செயலாக ஒத்தவை.

அப்படியானால் வாத்தாகிய 'டக்'கும், பாக்சிங்கில் குனியச் சொல்லும் 'டக்'கும் தற்செயல்தானா?

நானும் வெகுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அவை உறவுச் சொற்கள். நீரில் முங்குதல் என்னும் வினை முதலில் இருந்தது. தலையை நீருக்குள் அமிழ்த்தும் பறவைக்கு முங்குபவன் என்னும் பொருளில் அந்தப் பெயர் வந்தது. குத்து வரும்போது தலையைத் தாழ்த்துவதும் அதே வினை. கிரிக்கெட்டில் 'டக் அவுட்' என்பது மட்டும் வேறு. சுழியம் வாத்து முட்டையைப் போல இருப்பதால் வந்தது.

எழுத்தில் ஒன்றாக இருக்கிறது, சரி. பேசும்போது 'ரெக்கார்டு', 'பெர்மிட்', 'எக்ஸ்போர்ட்' பெயருக்கும் வினைக்கும் ஒரே மாதிரியா?

இல்லை, துறைமுகத்தில் பணிபுரிபவர்களுக்கு இது தேவையான பாடம். இவற்றில் முதல் அசையை அழுத்தினால் பெயர், இரண்டாம் அசையை அழுத்தினால் வினை. கையில் இருக்கும் தாளைச் சொல்லும்போது 'பெர்' ஓங்க வேண்டும். அனுமதிப்பதைச் சொல்லும்போது 'மிட்' ஓங்க வேண்டும். 'இம்போர்ட்', 'ப்ரொட்யூஸ்', 'பிரசென்ட்' ஆகியவையும் அப்படியே. தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் நம் காது இதைக் கவனிக்காமல் விட்டுவிடும். முதலில் மேசையைத் தட்டிக்கொண்டே சொல்லிப் பழகுங்கள்.

எல்லாச் சொல்லுக்கும் இதை நீட்டிவிடாதீர்கள். 'ரிப்போர்ட்', 'ரிப்ளை', 'சப்போர்ட்' ஆகியவற்றில் பெயரானாலும் வினையானாலும் இரண்டாம் அசையே ஓங்கும்.

'அட்வைஸ்' சில இடத்தில் 'சி' போட்டும் சில இடத்தில் 'எஸ்' போட்டும் எழுதுகிறார்கள். எது சரி?

இரண்டும் சரி: 'சி' இருந்தால் பெயர், 'எஸ்' இருந்தால் வினை. ஒலியிலும் வேறுபாடு உண்டு. பெயரின் கடைசி ஒலி பாம்பு சீறுவதைப் போன்றது. வினையின் கடைசி ஒலி வண்டின் ரீங்காரத்தைப் போன்றது. தொண்டையில் விரலை வைத்தால் இரண்டாவதில் அதிர்வு தெரியும். 'யூஸ்', 'ஹவுஸ்', 'எக்ஸ்கியூஸ்' ஆகியவற்றில் எழுத்து மாறாமல் ஒலி மட்டும் இப்படி மாறுகிறது. தமிழ் எழுத்தில் இரண்டையும் ஒரே 'ஸ்' ஆக எழுதுவதால் நமக்கு இது தெரியாமலே போய்விடுகிறது.

'பிராக்டிஸ்', 'லைசென்ஸ்' ஆகியவற்றில் நேர்மாறாக, ஒலி மாறாமல் எழுத்து மாறும்: பிரிட்டிஷ் முறையில் பெயருக்கு 'சி', வினைக்கு 'எஸ்'. 'அட்வைஸ்', 'பிராக்டிஸ்' இரண்டிலும் பெயரின் கடைசி மூன்று எழுத்துகள் 'ஐஸ்' என்னும் சொல்லாக அமையும். ஐஸ் ஒரு பொருள், ஆகவே பெயர் என்று நினைவில் வையுங்கள். அமெரிக்கர்கள் 'பிராக்டிஸ்' எதற்கும் 'சி' என்றும் 'லைசென்ஸ்' எதற்கும் 'எஸ்' என்றும் முடித்துவிட்டார்கள்.

'ஐ ஹேவ் எ ஒர்க்' என்றால் வெளிநாட்டு வாடிக்கையாளர் சிரிக்கிறார். 'எ' வந்தால் பெயர் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

சொன்னேன், 'எ' வந்தால் பின்னால் வருவது பெயராகத்தான் இருக்கும். ஆனால் எல்லாப் பெயரும் 'எ'யை ஏற்றுக்கொள்ளாது. ஒர்க், ஹெல்ப், அட்வைஸ் ஆகியவை மாவைப் போலவும் தண்ணீரைப் போலவும் எண்ண முடியாதவையாகக் கருதப்படுகின்றன. 'ஐ ஹேவ் சம் ஒர்க்' என்பதே வழக்கு. 'எ ஒர்க்' என்றால் ஓவியம், நூல் போன்ற ஒரு படைப்பைக் குறிக்கும். அவர் சிரித்தது அதற்காக இருக்கலாம்.

வேலைக்கான நேர்காணலில் 'ஐ ஆம் டூ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்' என்றேன். எங்கே தவறு?

'நான் அனுபவம்' என்று சொன்னதாகிவிட்டது. 'எக்ஸ்பீரியன்ஸ்' பெயரானால் 'ஐ ஹேவ் டூ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' என்று சொல்ல வேண்டும். வினையானால் பட்டு அறிவது என்னும் பொருள் தரும். 'ஐ எக்ஸ்பீரியன்ஸ்டு மெனி ப்ராப்ளம்ஸ்' என்பது இலக்கணப்படி சரி, நேர்காணலில் சொல்லத்தக்கதன்று.

'ஐ சைக்கிள் டு ஒர்க்' சரி என்றால், 'ஐ கார் டு ஒர்க்' ஏன் தவறு?

சைக்கிள், பைக், ஷிப் ஆகியவை வினையாகும். 'ஷிப்' கடலையும் விட்டுவிட்டது. மாதவரத்திலிருந்து லாரியில் ஏற்றி அனுப்பும் சரக்கையும் 'ஷிப்' செய்ததாகவே சொல்கிறார்கள். காருக்கு 'டிரைவ்' என்னும் வினை முன்பே அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதால் 'கார்' அங்கே நுழைய வழியில்லை. ஓர் இடத்தில் நல்ல சொல் இருக்கும்போது அதே வேலைக்குப் புதுச் சொல் எளிதில் பிழைப்பதில்லை.

எதிர்த் திசையிலும் அப்படியே. 'அரைவ்' என்னும் வினைக்கு 'அரைவல்' என்றும் 'டிசைட்' என்பதற்கு 'டிசிஷன்' என்றும் தனிப் பெயர்கள் உள்ளன. வினையை அப்படியே பெயராக்கக் கூடாது. 'இன்வைட்' பேச்சில் பெயராக உலவுகிறது. திருமண அழைப்பைப் பற்றி மேலதிகாரிக்கு எழுதும்போது 'இன்விடேஷன்' என்றே எழுதுங்கள்.

'கூகுள் பண்ணிப் பார்' என்கிறோம். இங்கிலீஷில் 'ஐ கூகுள்டு இட்' என்று எழுதினால் ஒத்துக்கொள்வார்களா?

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி 2006இல் அதை வினையாக ஏற்றுக்கொண்டது. 'ஜெராக்ஸ்' அதற்கும் முன்னோடி. அந்தப் பெயரை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இது பிடிப்பதில்லை. பெயர் பொதுச்சொல்லாகிவிட்டால் வணிகக் குறிக்குரிய சட்டப் பாதுகாப்பு பலவீனப்படும். அலுவலகக் கடிதத்தில் 'போட்டோகாப்பி' என்பது பாதுகாப்பானது.

புதிய வினைகளைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. 'இம்பாக்ட்' என்பதை வினையாக எழுதக் கூடாது என்று இன்றும் சிலர் கண்டிக்கிறார்கள். அந்தச் சொல், அழுத்திச் செறித்தல் என்னும் பொருளில், பெயராவதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே வினையாக இருந்தது. ஆனாலும் உங்கள் மேலாளர் அதைக் கண்டிப்பவராக இருந்தால் வரலாறு சொல்லி வாதாட வேண்டாம். 'அஃபெக்ட்' என்று எழுதிவிடுங்கள்.

'லாகின்' ஒரே வார்த்தையா, இரண்டா?

பெயரானால் ஒன்று, வினையானால் இரண்டு. 'மை லாகின்' என்று சேர்த்தும், 'ஐ லாக் இன்' என்று பிரித்தும் எழுதுங்கள். செட்டப், பேக்கப், பிக்கப், செக்அவுட் ஆகியவையும் அப்படியே. ஐயம் வந்தால் இறந்தகாலத்தில் போட்டுப் பாருங்கள்: 'லாக்டு இன்' என்று நடுவில் மாறுவதால் அது இரண்டு சொல் என்பது தெரிந்துவிடும்.

'ரிங்' என்பதற்கு இறந்தகாலம் 'ராங்'. 'தி போலீஸ் ரிங்டு தி கிரவுண்ட்' என்று பேப்பரில் வந்திருக்கிறதே?

இரண்டு 'ரிங்'கும் வெவ்வேறு சொற்கள். மணி ஒலிப்பது பழைய வினை. அது 'ராங்' என்று மாறும். திடலை வளையம்போலச் சூழ்ந்து நிற்பது, வளையம் என்னும் பெயரிலிருந்து பிறந்த வினை. அது 'ரிங்டு' என்றே வரும். பெயரிலிருந்து பிறந்த வினைகள் அனேகமாக எல்லாமே 'இடி' (ஆங்கில எழுத்துகள் 'இ', 'டி') சேர்த்து ஒழுங்காக நடப்பவை. ரம்பத்தைக் குறிக்கும் 'சா' வினையானாலும் 'சாடு' என்பதுபோல ஒலித்து 'இடி'யில் முடிகிறது.

இவ்வளவும் படித்த பிறகும் இங்கிலீஷ் பேப்பரின் தலைப்பு மட்டும் புரிவதில்லை. ஏன்?

இரண்டாம் பதிலில் சொன்ன 'எ', 'தி', 'வில்' ஆகிய காவலாளிகளைத் தலைப்பில் இடமில்லை என்று வெட்டிவிடுகிறார்கள். பெயரா வினையா என்று காட்டுவதற்கு ஆள் இல்லாமல் போகிறது. நானே எழுதிய ஒரு தலைப்பை வகுப்பில் கரும்பலகையில் இடுவது வழக்கம்: 'ஃபிஷ் மார்க்கெட் பிளான்ஸ் மூவ்'. 'பிளான்ஸ்' வினை, 'மூவ்' பெயர் என்று கொண்டால், மீன் சந்தை இடம் மாறத் திட்டமிடுகிறது என்று பொருள். 'பிளான்ஸ்' பன்மைப் பெயர், 'மூவ்' வினை என்று கொண்டால், மீன் சந்தைக்கான திட்டங்கள் நகர்கின்றன என்று பொருள். மூன்றாம் பதிலில் சொன்ன 'எஸ்' இரண்டு வேடமும் போடும் என்பதால் அதுவும் இங்கே காப்பாற்றாது.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இத்தகைய தலைப்பில் தடுமாறி, செய்தியின் முதல் வரியைப் படித்த பிறகே தெளிவு பெறுகிறார்கள். நீங்களும் முதல் வரியைப் படியுங்கள். அங்கே காவலாளிகள் பணிக்குத் திரும்பியிருப்பார்கள்.